சீட்டுக்கு அடியில் இருந்த ஆண்டு

எங்கள் வாசகர் மன்றத்தின் அன்பளிப்புச் சீட்டு மூன்று அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் கொண்டது. திருவரங்கத்துக் கடைவீதி அச்சகம் ஒன்றில் இளநீலத் தாளில் அடித்தோம். மேலே மன்றத்தின் பெயர். நடுவில் நூலின் எண், வகுப்பு, பாடம் ஆகியவற்றுக்கு மூன்று கோடுகள். கீழே ‘செயலாளர்’ என்ற சொல். அதன்மேல் என் கையொப்பம். ரப்பர் முத்திரை போதும் என்று சிலர் சொன்னார்கள். நான் இசையவில்லை. ஒரு குழந்தையின் கையில் நூலைக் கொடுப்பவன் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும், பொறுப்பை மையினால்தான் ஏற்க முடியும் என்பதும் என் கருத்து. இன்றும் அக்கருத்தில் மாற்றமில்லை. சீட்டை ஒட்டும் இடத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். அது எப்படி வந்தது என்பதைப் பலர் பலவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்தவன் நான், ஆகவே நடந்ததை நானே எழுதி வைப்பது முறை.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவன். மாலை வேளைகளில் சித்திரை வீதியில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் மன்றம் கூடும். படிப்போம், வாதிடுவோம், சுண்டல் சாப்பிட்டுக் கலைவோம். அலுவலக வேலையாக ஒருமுறை வையம்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குப் போக நேர்ந்தது. நிலக்கடலையும் சோளமும் வானம் பார்த்து விளையும் ஊர். அங்கே கோயில் மரத்தடியில் ஐந்து குழந்தைகள் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சில தாள்கள். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் ஒன்றை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சணல் நூலால் தைத்திருந்தார்கள்.

நூலைக் கிழித்தவர்களைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது, கடிந்தும் பேசிவிட்டேன். ஒரு சிறுமி எழுந்து நின்று, “கிழிக்கலைங்க, பிரிச்சிருக்கோம். வாரத்துக்கு ஒருக்கா மாத்திக்குவோம். எனக்கு இந்த வாரம் செய்யுள்” என்றாள். ஒரே ஒரு வீட்டில்தான் நூல் வாங்க முடிந்தது என்பதும், அதை ஐவரும் ஓராண்டு முழுவதும் சுழற்சியில் படித்தார்கள் என்பதும் அதன்பின் தெரிந்தன. அன்று மாலை மன்றத்தில் நான் பேசியது மூன்று நிமிடந்தான். அந்த ஊரில் நூலகம் வைப்பது என்று அன்றே தீர்மானம் ஆயிற்று.

இடம் எளிதில் கிடைத்தது. பஞ்சாயத்து ரேடியோ அறையில் ரேடியோ பழுதாகிப் பல காலம் ஆகியிருந்தது. கூரைமேல் இருந்த ஒலிபெருக்கிக் குழாயில் மைனாக்கள் குடியிருந்தன. அந்த ஊரில் பள்ளி இறுதி வரை படித்திருந்த பெண்மணி ஒருவரே. அப்போது பால்வாடி நடத்திவந்தார். பின்னர் சத்துணவுக் கூடம் வந்தபோது அதன் அமைப்பாளர் ஆனார். சாவி அவரிடம் இருந்தது. முதல் பெட்டியில் நாங்கள் அனுப்பியவை எங்கள் அலமாரிகளிலிருந்து எடுத்த உயர்ந்த நூல்கள். மறுமாதம் நான் போய்ப் பார்த்தபோது அடுக்கிய வரிசை அடுக்கியபடி இருந்தது.

“சார், கோவிச்சுக்காதீங்க,” என்றார் அந்த அம்மையார். “இதெல்லாம் நீங்க படிக்கற புஸ்தகம். தொடவே பயப்படுதுங்க. இதுகளுக்குப் பாடப் புஸ்தகந்தான் வேணும். அது இல்லாம போனா டீச்சர் வெளிய நிக்க வச்சிடுறாங்க. நாலு நாள் வெளிய நின்னா, அஞ்சாம் நாளு ஆடு மேய்க்கப் போயிடுதுங்க.”

ஒரு நூலகத்தின் பயன் என்ன என்பது பற்றி நான் கல்லூரியில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றவன். அக்கட்டுரையில் இல்லாத செய்தி இது.

பாடநூல் திருவரங்கத்தில் கிடைக்காத பொருள் அன்று. ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே அங்கே நூல்கள் கைமாறும். எந்த வீட்டுப் பையனின் நூல் எந்த வீட்டுப் பெண்ணுக்குப் போகும் என்பது கல்யாணப் பேச்சைப்போல முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மூன்று நான்கு வீடு கடந்து சங்கிலியின் கடைசியில் நிற்கும் நூல் பழைய தாள் கடைக்குப் போகும். அந்தக் கடைசிக் கண்ணியை எங்கள் பக்கம் திருப்பினேன். வீடு வீடாகச் சென்று கேட்டேன். என் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. வந்த நூல்களுக்குத் தையல் போட்டு, பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, சீட்டு ஒட்டினோம். பசை எங்கள் வீட்டு அடுப்பில் காய்ந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மைதாவோடு மயில்துத்தம் சேர்ப்போம்.

“ஏன்னா, ரசம் வைக்கறதா, உங்க பசையைக் காய்ச்சறதா?” என்பாள் என் மனைவி. “ஆத்துக்கு வரவாள்லாம் மூக்கைப் பொத்திண்டு போறா. மன்றத்துல தீர்மானம் போட்டு எனக்கு ஒரு தனி அடுப்பு வாங்கிக் குடுங்கோ.”

சீட்டை எங்கே ஒட்டுவது என்பதையும் நானே வகுத்தேன். பெயர்ப் பக்கம் நூலுக்குரியது; அதை மறைப்பது அநாகரிகம். அட்டையில் ஒட்டினால் கிழிந்துவிடும். பெயர்ப் பக்கத்தின் பின்புறத்தில் அச்சக விவரங்கள் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே அங்கேதான், பக்கத்தின் நடுவில், நான்கு ஓரமும் சமமாக இருக்கும்படி ஒட்டினோம்.

எங்கள் மன்றத்தில் ஒரு கல்லூரிக் கணித விரிவுரையாளர் இருந்தார். கத்தோலிக்கர், தில்லை நகரிலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி வருவார். பதிவேட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், எந்த வருஷத்துப் பதிப்புன்னு ஒரு கட்டம் போட்டுடுங்களேன். அப்பப்ப மாத்திக்கிட்டே இருக்காங்க” என்றார்.

“விரிவுரையாளரே, இரண்டும் இரண்டும் நான்கு என்பது திருத்திய பதிப்பில் ஐந்தாகிவிடுமோ?” என்றேன்.

மாடி முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். “ஆகாது சார். ஆனா கேள்வி வேற மாதிரி வரும்” என்றார். அதற்குள் சுண்டல் வந்துவிட்டது. அந்தக் கட்டம் பதிவேட்டில் சேரவில்லை.

நூலகம் நன்றாக நடந்தது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறன்று திண்டுக்கல் போகும் பஸ்ஸில் ஏறி, வையம்பட்டியில் இறங்கி, மீதித் தொலைவு நடந்து போவேன். மாலையில் ரேடியோ அறை நிரம்பி, வாசலிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஊரில் பல்பு எரிந்த பொது இடம் அது ஒன்றே. சண்டை போடாமல் படிப்பதற்கு இடம் என்பதே பல வீடுகளில் இல்லாத ஒன்று. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்கு வாய்ப்பாடு கேட்பார்கள். ஆறாம் வகுப்புக்கு வையம்பட்டிப் பள்ளிக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடினார்கள். சுவரில் பதினோரு விதிகள் எழுதி மாட்டியிருந்தேன். மூன்றாவது விதி: உறுப்பினர் அட்டை இல்லாதவர் நூலகப் பொருள் எதையும் பெறலாகாது. ஏழாவது விதி: நூலையோ அதில் ஒட்டிய சீட்டையோ சிதைப்பவரின் அட்டை பறிக்கப்படும். விதிகள் கடுமையானவை என்பார்கள். அந்தக் கடுமையினால்தான் ஐந்தாண்டுகளில் ஒரு நூலும் காணாமற்போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நூலகத்தில் ஒரு பெண் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தபின் தாய்க்கு உடல்நலம் கெட்டதால் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். பகலில் கடலைக் காட்டில் வேலை. மாலையில் சத்துணவுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு ரேடியோ அறைக்கு வருவாள். எல்லாப் பாடங்களுக்கும் எங்கள் மன்றத்தின் நூல்களே அவளுக்கு ஆசிரியர். அவள் அண்ணன் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் இருந்தான்; அவளுக்கும் அங்கே இடம் சொல்லி வைத்திருந்தான். தேறினால் திருச்சியில் பதினொன்றாம் வகுப்பு, தவறினால் முடிவு வந்த மறுநாள் மில் என்பது வீட்டில் ஏற்பட்ட ஒப்பந்தம். ஒரு தடவைதான் எழுதலாம் என்று தந்தை சொல்லிவிட்டார். ஊர் முழுவதும் இதை அறியும். நானும் அறிவேன்.

மார்கழியில் திருவரங்கத்தில் உற்சவ காலம். வெளியூர் உறவினர்கள் வந்து தங்கியிருந்தார்கள். சேவைக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். அந்த மாதம் நான் ஊருக்குப் போகவில்லை. அப்போது அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. ‘கணக்குப் புத்தகத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது, ஐயா அவர்கள் வரும்போது பார்க்க வேண்டும்’ என்று இரண்டே வரி. கணக்கில் சந்தேகம் வருவது இயல்பு என்று எண்ணி, அட்டையைக் கடிதக் கம்பியில் குத்தி வைத்தேன்.

தை மாதம் இரண்டாம் ஞாயிறு போனேன். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அந்தப் பெண் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, பெயர்ப் பக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் சீட்டு இல்லை. அது நூலின் இடுக்கில் தனியாகக் கிடந்தது. ஈரம் பட்டுக் காய்ந்து நெளிந்திருந்தது. என் கையொப்பத்தின் மை பரவி, பெயர் படிக்க முடியாதபடி ஆகியிருந்தது.

“யார் பண்ணின வேலை இது?”

“நான்தான் சார்.”

“எப்படி எடுத்தே?”

“சோத்து அண்டா ஆவியில புடிச்சேன் சார். கிழியக் கூடாதுன்னுட்டுத்தான்.”

“சுவத்துல ஏழாவது விதியைப் படி.”

அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பின்வரிசையில் யாரோ, “அக்காவுக்குக் கணக்கை விட ரூலு நல்லா வருது” என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

“கார்டை வை.”

“சார், அந்தச் சீட்டு இருந்த எடத்துல ஒருவாட்டி பாருங்க—”

“கார்டை வைன்னேன்.”

வைத்தாள். செருப்பில்லாத காலோடு வாசற்படி இறங்கிப் போனாள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு அமைப்பாளர் அம்மையார் மேசை அருகே வந்தார். “கார்டை வாங்கிட்டீங்க, சரி. உங்க விதி. இப்பவாவது அந்தப் பக்கத்தைப் பாருங்க” என்றார். எங்கள் நூலுக்கு அருகில் இன்னொரு கணக்குப் பாடநூலை விரித்து வைத்தார். வையம்பட்டிப் பள்ளியில் படிக்கும் ஒருவனிடம் அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கியது. அதன் இரண்டாம் பக்கத்தில் ‘திருத்திய பதிப்பு’ என்றும் ஓர் ஆண்டும் அச்சாகியிருந்தன. எங்கள் நூலில், சீட்டு இருந்த வெளிறிய நீள்சதுரத்தின் சரிநடுவில், அதற்கு முந்தைய பதிப்பின் ஆண்டு இருந்தது. பக்கத்தின் வேறெந்த மூலையில் ஒட்டியிருந்தாலும் அந்த வரி தெரிந்திருக்கும்.

“அரைப்பரீட்சைக் கேள்வித்தாளு ஒண்ணு கெடச்சுது சார், போட்டுப் பாத்துச்சு. பாதிக் கேள்வி தலகீழா நின்னாலும் வரலை. கணங்கள்ங்கறான், அணிகள்ங்கறான், எனக்கு மூளையே இல்லக்கான்னு மார்கழி பூரா அழுதுக்கிட்டு கெடந்துச்சு. மூளையில இல்லாம இல்லை சார். புஸ்தகத்துல இல்லை. அதைக் கண்டுபுடிக்க அதுக்கு ஒரு மாசம் ஆச்சு.”

“ஒரு கார்டு போட்டிருந்தாளே…”

“போட்டுச்சு. தபால்காரரு வர்ற நேரத்துக்கெல்லாம் வந்து நின்னுச்சு.”

அந்தக் கணமே அவளை அழைத்து அட்டையைத் திருப்பித் தந்திருக்கலாம். நான் தரவில்லை. வெளியே முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். அட்டையை வாங்கிக் கால் மணி நேரம் ஆகவில்லை. அவளுடைய மஞ்சள் உறுப்பினர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மணப்பாறை தாண்டும் வரை எனக்கு ஒரே நினைவுதான்: யாருக்கும் சொல்லாமல் புதிய நூலை வாங்கி மாற்றிவிடலாம். மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அறிக்கையை முன்பே எழுதி வைத்திருந்தேன். ‘நூல்களில் குறையேதும் காணப்படவில்லை’ என்ற வாக்கியம் அதில் இருந்தது. மறுநாள் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள புத்தகக் கடைகள் அனைத்திலும் கேட்டேன். பாடநூல் ஜூனில் வருவது, ஆகஸ்டில் தீர்ந்துபோவது. தை மாதத்தில் யார் வைத்திருப்பார்கள்? திருவரங்கத்து வீடுகளில் புதிய பதிப்பு இருந்தது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதே தேர்வை எழுத வேண்டியவர்கள். எனக்கு மறுப்புச் சொல்லாத வீதியில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கவும் முடியாமல் திரும்பினேன்.

எனவே தில்லை நகருக்குப் போனேன். விரிவுரையாளர் ‘அன்றே சொன்னேனே’ என்று சொல்லியிருக்கலாம்; சொல்ல உரிமை உள்ளவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரும்வரை நான் சொன்னதைக் கேட்டார். டியூஷனுக்கு வந்திருந்த ஒரு மாணவனின் நூலை வாங்கித் தன் அலமாரியிலிருந்த பழைய பதிப்போடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்.

“நாலு பாடம் புதுசு சார். மத்ததெல்லாம் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். பரீட்சைக்குப் பத்து வாரம் இருக்கு. முடியும்.”

“நூல் கிடைக்கவில்லையே.”

“நூல் எதுக்கு? ஸ்டென்சில் வெட்டுவோம். எங்க காலேஜ்ல சைக்ளோஸ்டைல் மிஷின் இருக்கு. பிரின்சிபால் ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா டைப் மிஷின்ல கணக்கு அடிக்க முடியாது, கையால எழுதணும். என் எழுத்து எனக்கே புரியாது.”

என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லலாகாது. வீட்டில் நான் ஸ்டென்சிலுக்கான மெழுகுத்தாளை எடுக்காமல் யோசனையில் இருந்தபோது என் மனைவியே சொன்னாள். “ஊர்ல இருக்கற கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் எழுதிக் குடுத்த கையாச்சே. ஒரு பொண்ணோட பரீட்சைக்கு எழுதினா தேஞ்சா போயிடும்? பலகையை எடுத்துக்கோங்கோ. நான் தாளைப் பிடிச்சுக்கறேன்.”

சனிக்கிழமை தோறும் அந்த மாணவனின் நூல் எங்களிடம் இருக்கும். விரிவுரையாளர் பாடத்தைச் சுருக்கி, ஒவ்வொரு படியையும் எதிரே உட்கார்ந்து சொல்லித்தருவதுபோல விளக்கி எழுதுவார். அந்த ஊரில் கேட்டுத் தெளிய ஆளில்லை என்பது அவருக்கு நினைவிருந்தது. இரும்பு முனைப் பேனாவால் மெழுகுத்தாளில் நான் எழுதுவேன். ஓர் எண் பிழைத்தால் சிவப்பு மருந்து தடவி, உலரவிட்டு, அதன்மேல் மீண்டும் எழுத வேண்டும். முதல் பாடம் பதினான்கு பக்கம் வந்தது. அச்சடித்து, அந்த வட்டாரத்துக்குப் போகும் அலுவலக ஊழியர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

நான்காம் நாள் கட்டு பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உடன் அமைப்பாளர் அம்மையாரின் குறிப்பு: ‘அட்டை இல்லாதவர் நூலகப் பொருள் எதையும் பெறலாகாது என்பது மூன்றாவது விதி என்று அந்தப் பெண் சொல்கிறாள். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. தாங்கள் நேரில் வருவது நல்லது.’

குறிப்பை என் மனைவி வாங்கிப் படித்தாள். “பொண்ணு சட்டம் படிச்சா நன்னா வருவா” என்று மட்டும் சொன்னாள்.

எனக்குச் சினம் வந்தது உண்மை. பத்து வாரத்தில் ஒரு வாரத்தை வீணாக்குகிறாளே என்ற சினம். அதைச் சற்று ஆறவிட்டபின் வேறொன்று தெரிந்தது. முப்பது பேர் முன்னிலையில் திருட்டைப் பிடித்ததுபோல வாங்கிய அட்டை அது. அவளுடைய பெயரும் ஒரு பெயர்தான். என் பெயரைக் காப்பதற்கு நான் பதினோரு விதி எழுதியிருந்தேன். அவள் அவற்றில் ஒன்றைக் கொண்டு தன் பெயரைக் காத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறே போனேன். இரண்டாம் ஞாயிறுக்குக் காத்திருக்கவில்லை. எல்லாரையும் அழைக்கச் சொன்னேன். பெரியவர்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். என் கூற்றை எழுதிக் கொண்டு போயிருந்தேன். எழுதாமல் பேசும் வழக்கம் எனக்கில்லை. “இம்மன்றத்தின் செயலாளர் என்னும் நிலையில் என்னால் நேர்ந்துவிட்ட ஒரு கவனப் பிழையினை இந்நன்னாளில் உங்கள் யாவர் முன்னிலையிலும்…” என்று தொடங்கினேன்.

வாசலிலிருந்து அந்தப் பெண்ணின் தந்தை குரல் கொடுத்தார். “சாமி, யாருங்க எறந்துட்டாங்க?”

சிரிப்பில் மைனாக்கள் குழாயை விட்டுப் பறந்தன. அமைப்பாளர் அம்மையார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

“யாரும் சாகலை. தப்பு என்னுது. பழைய கணக்குப் புஸ்தகத்தைக் கொடுத்தேன். அதுல வருஷம் இருந்த எடத்தை மறைச்சு நானே சீட்டு ஒட்டினேன். இந்தப் பொண்ணு அதைக் கண்டுபிடிச்சு எனக்கு எழுதினா. நான் பதில் போடலை. நேர்ல காட்டினா, நான் பாக்கலை. கார்டை வாங்கினது தப்பு. திருப்பித் தரேன்.”

அவள் முன்னால் வந்து அட்டையை வாங்கினாள். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “ஏழாவது விதி இன்னும் சுவத்துல இருக்கு சார்.”

“இருக்கும். சீட்டைச் சிதைக்கக் கூடாதுதான்.”

“அப்ப வருஷம் தெரியற எடத்துல ஒட்டுங்க சார். நாங்க ஏன் தொடப்போறோம்?”

அண்டாவை அடுப்பில் ஏற்றச் சொன்னேன். அன்று ஞாயிறு ஆனபோதிலும் சத்துணவுக் கூடத்து அண்டாவில் தண்ணீர் கொதித்தது. பாடநூல் ஒவ்வொன்றையும் ஆவியில் காட்டி, சீட்டைப் பெயர்த்து, அடியிலிருந்த ஆண்டைப் பார்த்தோம். கைக்குச் சூடு தாங்கும் பக்குவத்தை அவள் சொல்லிக்கொடுக்க, நானே நூல்களைப் பிடித்தேன். ஏழாம் வகுப்பு அறிவியலும் ஒன்பதாம் வகுப்புச் சமூகவியலும் அதேபோல் பழையவை என்று தெரிந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பில் ஆசிரியர் சொல்வதும் நூலில் இருப்பதும் பொருந்தாமல் எத்தனை நாள் குழம்பியிருக்கும். அவர்களில் ஒருவர்கூட நூல் பிழை என்று நினைக்கவில்லை. என் கையொப்பம் இருந்ததே.

புறப்படும்போது அந்தப் பெண் முதல் பாடத்தைப் பெற்றுக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்திட்டாள். பதிவேட்டில் புதிதாக ஒரு கோடு இழுத்து, ‘பதிப்பு ஆண்டு’ என்று தலைப்பிட்டேன்.

ஆண்டுக் கூட்டத்துக்கு முன் மன்றத் தலைவர் என் அறிக்கையைப் படித்தார். ஓய்வுபெற்ற வழக்கறிஞர், என்மேல் அன்புடையவர். “ஓய், இந்தப் பாராவை எடுத்துடும். நாலு பெரிய மனுஷா வரா. நம்ம வாயாலேயே எதுக்கு?” என்றார். ‘குறையேதும் காணப்படவில்லை’ என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு நான் எழுதியிருந்த பகுதி அது. எடுக்கவில்லை. மேடையில் அதை நானே உரக்கப் படித்தேன். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் புதிய பாடநூல்களைத் தேர்வு முடிந்த அன்றே நேராக எங்களிடம் தருவதாகச் சொன்னார்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணி முதல் கண்ணியாக மாறியது அன்றுதான். என் நற்பெயர் அதனால் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மீதி மூன்று பாடங்களும் மாசிக்குள் போய்ச் சேர்ந்தன. அவள் போட்ட கணக்குகள் உறையில் வரும், விரிவுரையாளர் திருத்துவார். முதல் உறையில் சிவப்பு மை மிகுதி. போகப்போக அவர் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதுவதோடு நின்றார். கடைசி உறையில் அவர் போட்டிருந்த ஒரு கணக்கையே அவள் சுருக்கமான வழியில் போட்டிருந்தாள். அதை என்னிடம் காட்டி, “பாத்தீங்களா சார், எனக்கே சொல்லித்தருது” என்று அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

தேர்வு முடிவு நாளிதழில் எண் எண்ணாக வரும். அன்று விடியும்போதே ராஜகோபுரத்தருகே பத்திரிகைக் கட்டு பிரிக்கும் இடத்தில் நானும், பாலம் தாண்டி சைக்கிளில் வந்த விரிவுரையாளரும் நின்றோம். கண்ணாடியை மறந்துவிட்டதாக அவர் சொன்னார். கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. எண்ணை நான் தேடினேன். இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒருநாள் அவளும் தந்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமயபுரத்தில் வேண்டுதலை முடித்துவிட்டு வருகிறார்கள்; தந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. திருச்சியில் பதினொன்றாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. கணக்கில் ஐம்பத்திரண்டு. “மில்லுக்காரங்க கேட்டாங்க சாமி, என்னாச்சுன்னு. ஆளு வராதுன்னுட்டேன்” என்றார் தந்தை. என் மனைவி இருவருக்கும் மோர் கொடுத்தாள்.

அவள் துணிப்பையிலிருந்து முதலில் எடுத்தது பழைய கணக்குப் பாடநூல். “தவணை முடிஞ்சிருச்சு சார். திருப்பிக் கட்டிடறேன்.” பெற்றுக்கொண்டு பதிந்தேன். அடுத்து எடுத்தது எங்கள் நான்கு பாடங்கள். பக்கங்களை வரிசைப்படுத்தி, சணல் நூலால் தைத்து, பிரவுன் பேப்பர் அட்டை போட்டிருந்தாள். அடுத்த ஆண்டு அந்த ஊரிலிருந்து இருவர் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறார்கள், அவர்களுக்காக இதை நூலகத்தில் வைக்க வேண்டும் என்றாள். பதிவேட்டைத் திறந்து எண் கொடுத்தேன். ‘பதிப்பு ஆண்டு’ என்ற இடத்தில் அந்த ஆண்டையே எழுதினேன்.

இளநீலச் சீட்டு ஒன்றை எடுத்துக் கையொப்பமிட்டு, பசைக் கிண்ணத்தை அருகே இழுத்தேன். அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க சார். எங்க ஒட்டணும்னு நான் பாத்துக்கறேன்.”

கொடுத்தேன். கடைசி அட்டையின் உட்புறத்தில், எழுத்து ஒன்றும் இல்லாத இடத்தில், நான்கு ஓரமும் சமமாக இருக்கும்படி அவள் ஒட்டினாள். அன்றுமுதல் எங்கள் மன்றத்தின் சீட்டு அங்கேதான் ஒட்டப்படுகிறது.